பேராதனை நினைவுக் குவளை: எவற்றை வரைவது, எவற்றை விடுவது?

மகாவலிக்கரை எழுதியது:

வணக்கம். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்து இன்று பல நாடுகளில் வாழும் தமிழ் மாணவர்கள் சிலர் சேர்ந்து, அந்த வளாகத்தின் நினைவாக ஒரு பீங்கான் குவளை செய்விக்க எண்ணியிருக்கிறோம். செலவு போக மிஞ்சும் பணத்தை வசதி குறைந்த மாணவர்களுக்கான உதவிநிதியில் சேர்ப்பதாக உத்தேசம். இப்போது கிடைக்கும் நினைவுப்பொருள்களில் பெரும்பாலும் பல்கலைக்கழக இலச்சினை இருக்கும். இல்லாவிட்டால் செனற் கட்டடம் எனப்படும் நிர்வாகக் கட்டடத்தின் புகைப்படம் இருக்கும். இரண்டிலும் குறை சொல்ல எதுவும் இல்லை என்றாலும், பட்டமளிப்பு விழாவுக்கு ஒருநாள் வந்துபோன விருந்தினருக்கே அவை போதுமானவை. விடுதியில் தங்கி, விரிவுரைக்கு ஓடி, ஆற்றங்கரையில் நடந்து திரிந்தவர் கையில் எடுத்ததும் தம் இடம் என்று உணரக்கூடிய ஒன்றை எப்படிச் செய்வது என்பதே எங்கள் கேள்வி.

ஓவியர் ஒருவர் கோட்டோவியமாக வரைந்துதர இணங்கியிருக்கிறார். குவளையின் பிடிக்கு ஒரு பக்கத்தில் தொடங்கி மறுபக்கம் வரை சுற்றிவரும் ஒரே காட்சியாக அமைக்கலாம் என்பது என் முதல் யோசனை. சரசவி உயன புகையிரத நிலையம், மகாவலி கங்கை, அக்பர் பாலம், கலஹா வீதி, செனற் கட்டடம், சரச்சந்திர திறந்தவெளி அரங்கு, விடுதிகள், அல்விஸ் குளம், குறிஞ்சிக்குமரன் ஆலயம், எல்லாவற்றுக்கும் பின்னால் ஹந்தானை மலைத்தொடர். இவற்றில் எது கட்டாயம் வேண்டும், எது வேண்டாம், நான் மறந்தது என்ன என்று காரணத்தோடு எழுதுங்கள்.

பீங்கான்பட்டறை எழுதியது:

பீங்கான் அச்சுத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் முதலில் இடத்தின் அளவைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற எல்லா முடிவுகளும் அதற்குள்தான் அடங்க வேண்டும். சந்தையில் வழமையாகக் கிடைக்கும் நேரான குவளை ஏறத்தாழ 8 சென்ரிமீற்றர் விட்டமும் 9.5 சென்ரிமீற்றர் உயரமும் உடையது. சுற்றளவு 25 சென்ரிமீற்றரைச் சற்றுத் தாண்டும். பிடிக்கு விடும் இடம் போக அச்சிடக் கிடைப்பது 20 சென்ரிமீற்றர் நீளம். உயரத்தில் விளிம்பையும் அடியையும் விட்டால் எட்டு சென்ரிமீற்றர்தான் கணக்கில் கொள்ளலாம். நீங்கள் சொன்ன பத்து இடங்களையும் வரிசையாக நிறுத்தினால் ஒன்றுக்கு இரண்டு சென்ரிமீற்றர்தான் வரும். அது ஒரு தபால்தலையை விடச் சிறியது.

இன்னொன்றையும் ஓவியரிடம் சொல்லுங்கள். வலக்கையால் பிடித்துக் குடிப்பவருக்குத் தெரிவது ஒரு பக்கம்; எதிரே அமர்ந்திருப்பவருக்குத் தெரிவது மறுபக்கம்; பிடிக்கு நேர் எதிரே உள்ள நடுப்பகுதி குடிப்பவரின் இடப்புறமாகத் திரும்பிவிடுவதால் அதை இருவருமே சாய்வாகத்தான் பார்க்கிறார்கள். கடதாசியில் தட்டையாக வரைந்து பார்க்கும்போது நடுவில் உள்ளதே முக்கியம் என்று தோன்றும். குவளையில் அந்த நடு இடம் ஆறு, மரம், வீதி போன்ற தொடர்ச்சியான பொருள்களுக்குப் பொருத்தமானது. கட்டடங்கள் இரு பக்கங்களிலும் நிற்கட்டும்.

அச்சு முறை பற்றியும் இப்போதே முடிவு செய்ய வேண்டும். மலிவான நினைவுக் குவளைகளின் மேல் ஒரு பொலிமர் பூச்சு இருக்கும். படத்தை அதன்மேல் வைத்து ஏறத்தாழ 190 பாகை செல்சியஸ் வெப்பத்தில் அழுத்துவார்கள். புகைப்படம் அப்படியே வரும், எவ்வளவு குறைந்த எண்ணிக்கையிலும் செய்யலாம், ஆனால் சில வருடம் தேய்த்துக் கழுவினால் வெளிறும். மற்ற முறையில், பீங்கான் மையால் அச்சிட்ட மெல்லிய படலத்தை நீரில் நனைத்து, குவளையின் மினுக்கத்தின் (கண்ணாடி போன்ற மேற்பூச்சின்) மேல் கையால் ஒட்டி, ஏறத்தாழ 800 பாகையில் மறுபடி சூளையில் சுடுவோம். படம் மினுக்கத்தோடு ஒன்றிவிடும். திரை அச்சில் நிறத்துக்கு ஒரு திரை வேண்டும் என்பதால் நிறங்கள் கூடக் கூடச் செலவும் கூடும். கோட்டோவியம் என்றால் இரண்டு நிறங்கள் போதும். பேரப்பிள்ளைகள் காலம் வரை இருக்க வேண்டிய பொருள் என்றால் இரண்டாம் முறையையே பரிந்துரைப்பேன். மாத்தளையிலும் தங்கொட்டுவையிலும் தரமான பீங்கான் செய்யும் தொழிற்சாலைகள் இருக்கும்போது வெறுங்குவளையை வெளிநாட்டிலிருந்து எடுக்கவும் தேவையில்லை.

குவளைச்சேகரம் எழுதியது:

பல்கலைக்கழக நினைவுப் பீங்கான்களைப் பல காலமாகச் சேர்த்து வருபவள் நான். இந்த வகைக்கு ஒரு நல்ல முன்னோடி இருக்கிறது. இங்கிலாந்தின் வெட்ஜ்வுட் நிறுவனம் 1927இல் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்காகத் தட்டுத்தொகுதி ஒன்றைச் செய்தது. தட்டுக்கு ஒரு காட்சிதான். ஒரு வாயில், ஒரு முற்றம், ஒரு கட்டடம் என்று ஒவ்வொன்றும் தனித்து நிற்கும். தொகுதி முழுவதற்கும் பொதுவான ஓரவேலைப்பாடு அவற்றை ஒரு குடும்பமாகக் கட்டும். அதைப் பின்பற்றிப் பல பல்கலைக்கழகங்கள் தங்கள் தொகுதிகளைச் செய்வித்தன. இன்று கோப்பிக் கடை நிறுவனங்கள் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் பெயரில் வெளியிடும் குவளைகள் இதற்கு நேர்மாறானவை: கோபுரம், விளையாட்டரங்கு, சின்னமான விலங்கு, மரம், மணிக்கூடு, முழக்கம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். அலுமாரியில் நிறைந்து தெரியும், ஆனால் உற்றுப் பார்த்தால் எந்த ஒன்றிலும் கண் தங்காது. என்னிடம் இருப்பவற்றில் நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பவை குறைவாக வரையப்பட்டவைதான்.

ஆகவே என் யோசனை, ஒரே குவளையில் பத்தைத் திணிக்காமல் நான்கு குவளைகள் கொண்ட தொகுதியாகச் செய்யுங்கள். ஆண்டுக்கு ஒன்று வெளியிட்டால் சேகரிப்பவர்களும் காத்திருந்து வாங்குவார்கள். அடியில் ஆண்டையும் வரிசை எண்ணையும் பதியுங்கள். அது இல்லாத நினைவுப்பொருளைப் பிற்காலத்தில் யாராலும் அடையாளம் காண முடியாது.

பழைய_கலைப்பீடம் எழுதியது:

தொகுதி என்பது நல்ல யோசனை. ஆனால் முதல் குவளையில் எது வரும் என்பதுதான் எல்லோருக்கும் நினைவில் நிற்கும் என்பதால், அதைப் பற்றிச் சற்று விரிவாக எழுத அனுமதியுங்கள்.

செனற் கட்டடத்தை எல்லோரும் படமெடுப்பதால் அதை விட்டுவிடலாம் என்று சிலர் நினைக்கக்கூடும். நான் அதை ஆதரிக்கமாட்டேன். ஆங்கிலேய நகரத் திட்டமிடலாளர் பற்றிக் அபர்க்ரொம்பியின் திட்டத்தில் எழுந்த இந்த வளாகத்தில், கட்டடக் கலைஞர் ஷெர்லி டி அல்விஸ் அனுராதபுரத்தையும் பொலனறுவையையும் கண்டியையும் நினைவூட்டும் தூண்களையும் கூரைகளையும் கொண்டு ஒரு புதிய பல்கலைக்கழகத்துக்கு முகம் கொடுத்தார். செனற் கட்டடத்தில் கண்ணுக்குப் பிடிப்பது அதன் உயரத்தைக் காட்டிலும் அதன் திறப்பு. தூண்களுக்கிடையே நின்றால் ஒருபுறம் மலையும் மறுபுறம் மரங்களும் தெரியும். 1954இல் எலிசபெத் மகாராணியின் கணவரான எடின்பரோ கோமகன் பல்கலைக்கழகத்தை முறைப்படி திறந்துவைத்தபோது, 1952 முதலே மாணவர்கள் அங்கே படித்துக்கொண்டிருந்தார்கள். அதனால்தான் அவர் வளாகம் வழமையைவிடக் கூடுதலாகத் திறந்திருப்பதாக அறிவித்தார். அந்த வாசகம் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஓவியர் கட்டடத்தை வெளியிலிருந்து முழுமையாக வரையாமல், தூண்களுக்குள் நின்று வெளியே பார்ப்பதுபோல் வரைந்தால், அந்த வாசகத்தின் பொருளும் வந்துவிடும். எல்லாப் படங்களிலும் வரும் கோணமும் தவிர்க்கப்படும்.

விடுதிகளைக் கட்டடங்களாக வரைய வேண்டாம், பெயர்களாகக் கொடுங்கள். இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று 1906இல் சங்கம் அமைத்துக் குரல் கொடுத்தவர்களில் சேர் பொன்னம்பலம் அருணாசலம், ஜேம்ஸ் பீரிஸ், மார்க்கஸ் பெர்னாண்டோ ஆகியோர் முன்னின்றார்கள். மூவர் பெயரிலும் பேராதனையில் விடுதிகள் உண்டு. 1921இல் கொழும்பில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரியின் முதல் அதிபர் மார்ஸ் பெயரிலும் உண்டு. அருணாசலத்தின் தமையன் இராமநாதன் பெயரிலும் உண்டு. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாகி, அதன் பத்தாண்டுகளுக்குப் பின் பேராதனைக்கு வந்த கதை முழுவதும் விடுதிப் பெயர்ப்பலகைகளில் இருக்கிறது. எந்த விடுதியில் இருந்தீர்கள் என்பதுதான் பேராதனைக்காரர் இருவர் சந்தித்தால் கேட்கும் முதல் கேள்வி. குவளையின் உள்விளிம்பில் ஒற்றை வரியாக அந்தப் பெயர்களை ஓடவிட்டால், ஒவ்வொருவரும் தம் பெயரைத் தேடி எடுத்துக்கொள்வார்கள்.

வட்டக்களரி எழுதியது:

ஐயா சொன்ன உள்விளிம்பு யோசனை எனக்கும் மிகவும் பிடித்திருக்கிறது. நான் எழுத வந்தது திறந்தவெளி அரங்கு பற்றி.

"வள" என்று எல்லோரும் அழைக்கும் அந்த அரங்கைச் சிங்கள நாடகத்தின் இடமாக மட்டும் வரைந்துவிடக்கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். பேராசிரியர் சரச்சந்திராவின் சிங்கபாகு நாடகம் 1961இல் அங்கேதான் முதலில் மேடையேறியது; அவர் பெயரை அரங்கு தாங்கியிருப்பது முற்றிலும் நியாயமானது. ஆனால் அதே வளாகத்தில், அதே ஆண்டுகளில், பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு ஆடவைத்தார். கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன், வாலி வதை என்று 1960களில் அடுத்தடுத்து வந்தவை, ஊர்க்களரியில் விடிய விடிய ஆடப்பட்ட கலையை நகர மேடைக்குரிய நேர அளவுக்குள் கொண்டுவந்தன. இராவணேசனில் இராவணனாக ஆடிய மாணவர் மௌனகுரு, பின்னாளில் பேராசிரியராகி அந்தக் கலைக்கே தம் வாழ்வைக் கொடுத்தார். இரு மொழிகளிலும் நாடகம் ஒரே காலத்தில், ஒருவர் முயற்சியை மற்றவர் பார்த்து ஊக்கம் பெறும் நெருக்கத்தில் வளர்ந்தது. பேராதனையின் மரபு என்று பெருமையோடு சொல்லத்தக்கது ஒன்று உண்டென்றால் அது இதுதான் என்பது என் உறுதியான கருத்து.

வரைவதற்கும் அது மிகச் சிறந்த பொருள். சரிவில் அரைவட்டமாக இறங்கும் இருக்கைகள், மேலே கவிந்த மரங்கள், கீழே மேடை. குவளையின் வளைவும் அரங்கின் வளைவும் ஒன்றுக்கொன்று பொருந்தும். மேடையில் இரண்டே உருவங்கள்: ஒருவர் சிங்கள நாடக உடையில், மற்றவர் மட்டக்களப்புக் கூத்தின் ஒரு வகையான வடமோடியின் அரசன் உடையில். வடமோடி உடுப்பு கோட்டோவியத்துக்கென்றே அமைந்ததுபோல் இருக்கும். இடையிலிருந்து வட்டமாக விரிந்து நிற்கும் கரப்புடுப்பு, தோளில் புயக்கட்டைகள், தலையில் கிரீடம், காலில் சதங்கை. ஆனால் இங்கே ஓவியர் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். இணையத்தில் தேடினால் கதகளி உடுப்பின் படங்கள் முதலில் வரும். அதைப் பார்த்து வரைந்துவிட்டால் மட்டக்களப்பில் ஒருவர்கூட அந்தக் குவளையை வீட்டில் வைக்கமாட்டார். கூத்துப் பழக்கும் ஆசானான அண்ணாவியார் ஒருவரிடம் படத்தைக் காட்டிச் சரிபார்ப்பது அவசியம்.

புதுமுகம்_பொறியியல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அண்மையில்தான் பொறியியற்பீடத்திலிருந்து வெளியேறியவன். இதுவரை சொல்லப்பட்டவை பெரும்பாலும் கட்டடங்களும் கலைகளும். மாணவர்களின் அன்றாட மரபுகளும் வர வேண்டும் என்று விரும்புகிறேன். அக்பர் பாலத்தின் வழியாக விரிவுரைக்கு நடப்பது, ஆற்றங்கரையோரம் லவ்வர்ஸ் லேன், மார்ச் வாக்கில் ரொபரோசியா மரங்கள் இலையுதிர்த்து இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்பது, ஹந்தானைக்கு ஏறுவது. இவற்றோடு, முதலாம் ஆண்டில் சிரேஷ்ட மாணவர்கள் வைக்கும் பட்டப்பெயர்களும் எங்கள் அணியில் வாழ்நாள் முழுவதும் தொடர்கின்றன. அந்த முதலாம் ஆண்டு அனுபவத்துக்கு ஏதாவது ஓர் அடையாளம், நாங்கள் கட்டாயமாக அணிந்த உடை அல்லது வரிசையாக நடந்த காட்சி, வரலாம் அல்லவா?

இராமநாதன்_விடுதி எழுதியது:

தம்பி, மரங்களையும் பாலத்தையும் பற்றி நீங்கள் எழுதியதை முழுமனதோடு ஏற்கிறேன். கடைசி யோசனையை முற்றாக எதிர்க்கிறேன்.

நீங்கள் அடையாளமாகக் கேட்கும் உடையும் வரிசை நடையும், புதிய மாணவர்களை மூத்தவர்கள் துன்புறுத்தும் பகிடிவதையின் (ராகிங்) பகுதிகள். 1975இல், நான் பெயராக வைத்திருக்கும் இதே விடுதியில், பகிடிவதைக்குத் தப்புவதற்காக மாடியிலிருந்து குதித்த மாணவி ஒருவர் அதன்பின் நடக்க இயலாதவரானார். 1997இல் உங்கள் பீடத்திலேயே புதிதாகச் சேர்ந்த தமிழ் மாணவர் ஒருவர், கட்டாயப்படுத்திச் செய்விக்கப்பட்ட கடும் உடற்பயிற்சிகளால் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். அதன் பிறகுதான் 1998இன் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைக் குற்றமாக்கியது. சட்டம் வந்த பின்னும் வழக்கம் அற்றுப்போகவில்லை என்பதை அங்கே படித்த எவரும் அறிவர். அச்சத்தில் படிப்பையே விட்டுச் சென்றவர்கள் இருக்கிறார்கள்; அவர்கள் பழைய மாணவர் பட்டியலில் இல்லை, இந்த இழைக்கும் வரமாட்டார்கள். நீண்டகாலம் நடந்தது என்பதால் ஒன்று மரபாகிவிடாது. நாம் பணம் சேர்ப்பது மாணவர்களுக்கு உதவ. அந்த மாணவர்களைத் துன்புறுத்துவதன் சின்னத்தை அதே குவளையில் பதிப்பது எந்த வகையிலும் பொருந்தாது.

புதுமுகம்_பொறியியல் எழுதியது:

அக்கா, 1997இல் நடந்ததை எங்கள் பீடத்தில் எல்லோரும் அறிவோம். உங்கள் கோபத்தின் நியாயத்தை நான் மறுக்கவில்லை. உடையையும் வரிசையையும் விட்டுவிடலாம். பட்டப்பெயர்கள் பற்றி மட்டும் என் கருத்து சற்று வேறு. அவை தொடங்கிய விதம் எதுவாக இருந்தாலும், இன்று எங்கள் அணியில் ஒருவர் இறந்தால்கூட அந்தப் பெயரைச் சொல்லித்தான் ஒருவருக்கொருவர் அறிவிக்கிறோம். குவளையில் வர வேண்டும் என்று வற்புறுத்தமாட்டேன். படமாக வரைவதற்கு அதில் எதுவும் இல்லை. ஆனால் குவளையின் அடியில் வாங்குபவர் தம் பெயரை எழுதிக்கொள்ள ஒரு வெற்றிடம் விட்டால், யார் எந்தப் பெயரை எழுதுவது என்பது அவரவர் விருப்பமாக இருக்கும்.

பீங்கான்பட்டறை எழுதியது:

பெயர் எழுதும் வெற்றிடம் எளிது. மினுக்கம் பூசாத ஒரு சிறு வட்டத்தை அடியில் விட்டால் பென்சிலாலும் எழுதலாம். தொகுதி எண்ணையும் ஆண்டையும் அதைச் சுற்றிப் பதித்துவிடலாம்.

மகாவலிக்கரை எழுதியது:

பகிடிவதையின் எந்தச் சாயலும் குவளையில் வராது. அதில் விவாதத்துக்கு இனி இடமில்லை. வெற்றிடத்தைச் சேர்த்துக்கொள்கிறேன்.

அடுத்ததாக அல்விஸ் குளம். செனற் கட்டடத்துக்கு அருகில் இருப்பதாலும், வளாகத்தை வடிவமைத்த கலைஞரின் பெயரைத் தாங்குவதாலும், வட்டமான நீர்ப்பரப்பு ஓவியத்தில் அழகாக அமையும் என்பதாலும் ஓவியர் அதை மிகவும் விரும்புகிறார். அவர் பேராதனையில் படித்தவர் அல்லர். குழுவில் இருவர் காரணம் சொல்லாமல் தயங்குகிறார்கள். மூத்தவர்கள் கருத்துச் சொல்ல வேண்டும்.

பழைய_கலைப்பீடம் எழுதியது:

தயங்குகிறவர்கள் அந்த ஆண்டுகளில் அங்கே இருந்தவர்களாக இருக்க வேண்டும். 1989 அக்டோபரில், ஜே.வி.பி. (மக்கள் விடுதலை முன்னணி) கிளர்ச்சியும் அதை அடக்கும் கொலைகளும் நாட்டை நிறைத்திருந்த காலத்தில், ஒருநாள் காலை அந்தக் குளத்தைச் சுற்றி வெட்டப்பட்ட மனிதத் தலைகள் வைக்கப்பட்டிருந்தன. பல்கலைக்கழக அதிகாரி ஒருவர் கொல்லப்பட்டதற்குப் பழிவாங்கலாக அது செய்யப்பட்டது என்றே பரவலாகச் சொல்லப்படுகிறது. அன்று அதைக் கண்டவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களில் சிங்களவரும் உண்டு, தமிழரும் உண்டு. காலையில் தேநீர் ஊற்றும் பாத்திரத்தில் அந்தக் குளத்தை அவர்கள் கையில் கொடுக்க என்னால் இயலாது.

குவளைச்சேகரம் எழுதியது:

ஐயா சொன்னதைப் படித்த பின்னும் ஒன்றைக் கேட்கத் தோன்றுகிறது. விட்டுவிட்டால் மறக்கப்படாதா? இன்றைய மாணவர்கள் அந்த இடத்தை அழகான குளமாக மட்டுமே அறிந்து கடந்துபோகிறார்கள். வரைந்தால் ஒருவராவது கேட்பார், ஒருவராவது சொல்வார்.

இராமநாதன்_விடுதி எழுதியது:

நினைவுகூர்தலுக்கு உரிய வடிவங்கள் இருக்கின்றன. வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்யலாம், கட்டுரை எழுதலாம், அந்த நாளில் கூடி நிற்கலாம். ஒரு பொருளை வாங்குபவர் அதில் உள்ளதைக் கொண்டாடுவதாகத்தான் கொள்ளப்படும். விளக்கம் எழுதக் குவளையில் இடமில்லை. விளக்கமில்லாமல் வரைந்தால் குளம் வெறும் அழகாகத்தான் தெரியும், அப்போது மறதிக்கு நாமே துணைபோனவர்கள் ஆவோம். ஆகவே வரைய வேண்டாம் என்பதே என் கருத்து. ஆனால் உங்கள் கவலை சரியானது. குவளையோடு வைக்கும் சிறு அட்டையில் வளாகத்தின் காலவரிசை ஒன்று அச்சிடுவதாக இருந்தால், 1942, 1952, 1954 என்பவற்றோடு 1989உம் அதில் வரட்டும். அட்டையில் ஒரு வாக்கியம் நேராகச் சொல்லும்.

பழைய_கலைப்பீடம் எழுதியது:

அட்டையில் 1989 வருவதை நான் ஆதரிக்கிறேன். 1975ஐயும் 1997ஐயும் அதே அட்டையில் சேருங்கள்.

குன்றடி எழுதியது:

குறிஞ்சிக்குமரன் ஆலயம் பற்றி இதுவரை யாரும் எழுதவில்லை என்பதால் எழுதுகிறேன். குன்றின் மேல் இருக்கும் அந்தக் கோயில், வீட்டை விட்டு வந்த இந்து மாணவர்களுக்கு வழிபாட்டிடம் மட்டுமாக இருந்ததில்லை. பரீட்சைக்கு முன் ஏறிப் போவதும், வெள்ளிக்கிழமை மாலையில் பிரசாதத்துக்காகவே சிலர் வருவதும், மாணவர்களே கூடிப் பொங்குவதும், பாடுவதும், படிகளில் அமர்ந்து ஊர்க்கதை பேசுவதும் அங்கேதான். யாழ்ப்பாணத்தாரும் மட்டக்களப்பாரும் மலையகத்தாரும் கொழும்பாரும் ஒருவரையொருவர் முதன்முதலாக அறிந்த இடம் பலருக்கு அதுவே. ஆகவே அதை விட்டுவிட மனம் வரவில்லை.

அதே நேரம், இந்தக் குவளையைச் செய்விப்பது தமிழர் குழுவாக இருந்தாலும் அது பல்கலைக்கழகத்தின் பெயரைத் தாங்கப் போகிறது. வளாகத்தில் பௌத்தருக்கும் கிறிஸ்தவருக்கும் முஸ்லிம்களுக்கும் வழிபாட்டிடங்கள் இருக்கின்றன. ஒன்றை மட்டும் பெரிதாக வரைவது முறையாகாது. நான்கையும் வரிசையாக நிறுத்தினால் அது அரசாங்க விளம்பரப் பலகையைப் போல் ஆகிவிடும். கலஹா வீதியிலிருந்து பார்க்கும்போது மரங்களுக்கு மேலாக எட்டிப் பார்ப்பதுபோல் கோயிலின் முடி மட்டும் ஓரிடத்தில் தெரியட்டும். மற்றவையும் அப்படியே மலைச்சரிவில் அங்கங்கே, உண்மையில் இருக்கும் இடத்தில், சிறிதாகத் தெரியட்டும். அறிந்தவர் கண்டுபிடிப்பார்.

வட்டக்களரி எழுதியது:

குன்றடி சொல்வது நல்ல வழி. அப்படியானால் ஹந்தானை மலைத்தொடர் குவளையைச் சுற்றி முழுமையாக ஓடட்டும். தொகுதியின் நான்கு குவளைகளிலும் அந்த மலைக்கோடு ஒன்றிலிருந்து மற்றதற்குத் தொடரும்படி வரையலாம். ஹார்வர்ட் தட்டுகளின் ஓரவேலைப்பாடு செய்த வேலையை இங்கே மலை செய்யும்.

குவளைச்சேகரம் எழுதியது:

மிக அருமையான யோசனை. நான்கையும் வரிசையாக வைத்தால் மலை முழுமையடையும் என்றால், ஒன்றை வாங்கியவர் மற்ற மூன்றையும் வாங்காமல் இருக்கமாட்டார்.

பீங்கான்பட்டறை எழுதியது:

தொடரும் கோடு செய்யலாம். ஆனால் கையால் ஒட்டும் படலம் ஒரு மில்லிமீற்றர் ஏறியும் இறங்கியும் வரும் என்பதால், குவளைகள் சேரும் இடத்தில் கூரான சிகரம் வராமல் தாழ்ந்த சரிவு வரும்படி ஓவியர் பார்த்துக்கொண்டால் பிசகு கண்ணுக்குத் தெரியாது.

எழுத்துப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பெயர் மூன்று மொழிகளிலும் ஒரே உயரத்தில் வரட்டும். சிங்களத்தைப் பெரிதாகவும் தமிழை அதன் கீழே சிறிதாகவும் போட்டுவரும் வழக்கத்தை நாமே தொடரக்கூடாது. மெல்லிய தமிழ் எழுத்துருவில் புள்ளிகள் சூளையில் காணாமற்போகும்; "பல்கலைக்கழகம்" என்ற சொல்லில் மூன்று புள்ளிகள் உள்ளன, அவற்றில் ஒன்று மங்கினாலும் பிழையாகிவிடும். புள்ளியின் விட்டம் அரை மில்லிமீற்றருக்குக் குறையாத எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். கணினியிலிருந்து அச்சகத்துக்குப் போகும்போது எழுத்துகள் உடைந்து, "லை" என்பதில் கொம்பு ஓரிடமும் "ல" வேறிடமும் நிற்பதைப் பொது அறிவித்தல் பலகைகளில் நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். எழுத்தைக் கோட்டுருவமாக மாற்றிய பிறகே அச்சுக்கு அனுப்ப வேண்டும். சூளையில் இடும் முன் தமிழ் அறிந்த ஒருவர் முதல் மாதிரியை நேரில் வாசித்துக் கையொப்பமிட வேண்டும். பொன்வேலைப்பாடு வேண்டாம், நுண்ணலை அடுப்பில் வைத்தால் தீப்பொறி பறக்கும்.

பழைய_கலைப்பீடம் எழுதியது:

இலச்சினையைப் பயன்படுத்துவதாக இருந்தால் பல்கலைக்கழகத்திடம் எழுத்து மூலம் அனுமதி பெறுங்கள். அனுமதி தாமதமானால் இலச்சினை இல்லாமலே வெளியிடலாம்; தூண்களும் மலையும் இருக்கும்போது அது எந்த இடம் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. "சர்வஸ்ய லோசனம் சாஸ்திரம்" (அறிவே எல்லோருக்கும் கண்) என்ற பல்கலைக்கழகத்தின் குறிக்கோள் வாசகத்தை அட்டையில் மூன்று மொழிகளிலும் பொருளோடு தரலாம்.

மகாவலிக்கரை எழுதியது:

இவ்வளவு அக்கறையோடு எழுதிய அனைவருக்கும் நன்றி. ஓவியருக்கு அனுப்பவிருக்கும் குறிப்பை இங்கே பதிகிறேன்.

நான்கு குவளைகள், ஆண்டுக்கு ஒன்று. சூளையில் சுட்ட படல அச்சு. கரும்பச்சை, செங்காவி ஆகிய இரண்டே நிறங்கள். ஹந்தானை மலைக்கோடு நான்கிலும் தொடரும். முதலாவது, செனற் கட்டடத்தின் தூண்களுக்குள்ளிருந்து பார்க்கும் காட்சி. இரண்டாவது, திறந்தவெளி அரங்கும் இரு கூத்தர்களும். மூன்றாவது, மகாவலி, அக்பர் பாலம், ஆற்றங்கரை நடைபாதை, சரசவி உயன நிலையம். நான்காவது, கலஹா வீதியின் மரங்களும், மலைச்சரிவில் சிறிதாகத் தெரியும் வழிபாட்டிடங்களும். ரொபரோசியாப் பூக்களுக்காக நான்காவதில் மட்டும் இளஞ்சிவப்பை மூன்றாம் நிறமாகச் சேர்க்கக் கேட்கிறேன்; அதற்காகும் மேலதிகச் செலவைக் குழுவே ஏற்கும். விடுதிப் பெயர்கள் எல்லாக் குவளைகளிலும் உள்விளிம்பில். அல்விஸ் குளம் வரையப்படாது. அட்டையின் காலவரிசையில் 1975, 1989, 1997 ஆகிய ஆண்டுகள் இடம்பெறும். அந்த மூன்று வாக்கியங்களையும் இராமநாதன் விடுதி அக்காவும் பழைய கலைப்பீடம் ஐயாவும் சேர்ந்து எழுதித்தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது உடனடியாகத் தேவைப்படுவது படங்கள். 1960களில் பேராதனை மாணவர்கள் ஆடிய கூத்துகளின் புகைப்படம் யாரிடமாவது இருந்தால், உடுப்பின் கட்டு தெளிவாகத் தெரியும் அளவுக்கு வருடி அனுப்புங்கள். செனற் தூண்களின் மேற்பகுதிச் செதுக்கலை அருகிலிருந்து எடுத்த படமும் வேண்டும். இப்போது வளாகத்தில் படிப்பவர்கள் யாராவது காலை வெயிலில், செதுக்கலின் நிழல் விழும் நேரத்தில் எடுத்துத் தந்தால் ஓவியருக்குப் பேருதவியாக இருக்கும்.

வட்டக்களரி எழுதியது:

கூத்துப் படங்களுக்கு நான் பொறுப்பு. மட்டக்களப்பில் இன்றும் உடுப்புக் கட்டும் அண்ணாவியார் ஒருவரிடம் பேசிவிட்டேன். ஓவியரின் முதல் வரைவு வந்ததும் அவரிடம் கொண்டுபோய்க் காட்டி, அவர் சொல்லும் திருத்தங்களோடு இங்கேயே பதிகிறேன்.